பத்தொன்பதாம் எண்

ஜூன் 10, திங்கள்

இன்று பள்ளிக்கூடம் திறந்தது. எனக்கு இல்லை, தங்கை பிரின்சிக்கு. அவள் மூன்றாம் வகுப்பு. நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். அம்மாவுக்கு ஆபரேஷன், வீட்டைப் பார்க்க ஆள் இல்லை. கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்கிறோம்.

இதை என் பழைய அறிவியல் நோட்டில் எழுதுகிறேன். பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. கடைசியாக எழுதியது ஜனவரி 9. தவளையின் இதயம், படம் மட்டும். பாகங்கள் குறிக்கவில்லை.

எழுத ஒரு காரணம் இருக்கிறது. அம்மா இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி. பிள்ளை படிக்கும் வீட்டுப் பெண் ஒருத்திதான் தலைவியாக இருக்க வேண்டுமாம். வசுமதி டீச்சர் மூன்று பேரைக் கேட்டு, மூன்று பேரும் மாட்டேன் என்ற பிறகு அம்மாவிடம் வந்தார். அம்மா தேயிலைக் கொழுந்துப் பையைக் கூட இறக்காமல் சரி என்று சொல்லிவிட்டாள். அவள் அதே பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். கையெழுத்துப் போடுவாள், மெதுவாகப் படிப்பாள், எழுத வராது. அதனால் தீர்மான நோட்டு என் கையில். கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்து எழுதினால் போதும், பேச வேண்டியதில்லை. கை பழக இங்கேயும் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா இன்று அம்மாவைப் பார்த்து, "தலைவி அவர்களே, குழாயில தண்ணி நின்னு போச்சு, தீர்மானம் போடுங்க" என்றாள். அம்மா அவள் மேல் வாளித் தண்ணீரை ஊற்றப் போனாள்.

ஜூன் 12, புதன்

எங்கள் லைன் வீடுகளிலிருந்து பள்ளி இரண்டு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் தேயிலை, பாலத்தைத் தாண்டினால் கொஞ்சதூரம் காடு. போன வருடம் பட்டப்பகலில் அந்த வளைவில் சிறுத்தை ஒரு கன்றுக்குட்டியைப் பிடித்தது. அதற்குப் பிறகு இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை டவுனில் சேர்த்துவிட்டுப் போய்விட்டன. மிச்சம் பத்தொன்பது பேர். இன்னும் குறைந்தால் பள்ளியை மூடி, பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று டீச்சர் சொல்கிறார்.

அதனால் குழு முறை போட்டிருக்கிறது. தினமும் இரண்டு வீட்டிலிருந்து வீட்டுக்கு ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் விட வேண்டும். முன்னால் போகிறவர் பிஸ்கட் தகரத்தைத் தட்டிக்கொண்டே போவார். பின்னால் வருகிறவர் எண்ணிக்கை பார்ப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். குழாயடி, பாலம், பள்ளி வாசல், மூன்று இடத்தில் தகரம் நிற்கும். பிள்ளைகள் ஒன்றிலிருந்து வரிசையாக எண்ணைக் கத்துவார்கள். கடைசி எண் வந்ததும் தகரம் மறுபடி தொடங்கும். வீட்டிலிருந்தால் பிள்ளைகள் குரல் கேட்காது, தகரம் கேட்கும். பாலத்தில் நிற்பதும் தெரியும்.

முறைக்குப் போகிறவர்கள் காலை மஸ்டரில் பேர் கொடுக்கப் பிந்திவிடுவார்கள். சூப்பர்வைசர் அரைப் பேர்தான் போடுவார். அதாவது அரை நாள் சம்பளம். இருந்தாலும் எல்லோரும் போகிறார்கள்.

பிரின்சி பதினெட்டு.

ஜூன் 20, வியாழன்

மழை. அட்டை காலுறைக்குள் புகுந்து பிரின்சியின் கால் முழுக்க ரத்தம். உப்புத் துணி கட்டி அனுப்பினேன்.

ஜூன் 24, திங்கள்

பத்தொன்பதாவது பிள்ளை மங்ரி. ஜார்கண்டிலிருந்து வந்திருக்கும் பூல்மணியின் மகள், ஆறு வயது. கடைசி லைனில் இருக்கிறார்கள். வந்து இரண்டு வருடம் ஆகிறது, பூல்மணி நன்றாகக் கொழுந்து எடுப்பாள், தமிழ் கொஞ்சம்தான் வரும். டீச்சர்தான் வீடு தேடிப் போய் மங்ரியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார், எண்ணிக்கைக்காக.

மங்ரி முதலில் கற்றுக்கொண்ட தமிழ் வார்த்தை பத்தொன்பது. பிரின்சி சொல்லிக் கொடுத்தாள். அதைச் சொல்லிவிட்டுப் பரிசு வாங்கியவள் போல எல்லோரையும் பார்ப்பாள். கடையில் மிட்டாய் கேட்கும்போதும் அதைத்தான் சொல்கிறாளாம்.

இன்று பூல்மணியின் முறை. அவள் தட்டிய தட்டு வேறு மாதிரி இருந்தது, கல்யாண மேளம் போல. பிள்ளைகள் ஆடிக்கொண்டே போனார்களாம்.

ஜூலை 1, திங்கள்

பூல்மணி முறைக்கு வரவில்லை. ஞானமுத்து அண்ணன் தனியாகக் கூட்டிப் போனார். அவர் டிராக்டர் ஓட்டுகிறவர், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். திரும்பி வரும்போது எங்கள் வாசலில் நின்று, முன்னாலும் நானே பின்னாலும் நானே, நடுவில் வேண்டுமானால் தலைவி வந்து நிற்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 5, வெள்ளி

கூட்டம். பதினான்கு பேர் வந்தார்கள். டீச்சர் எல்லோருக்கும் டீ வாங்கி வைத்திருந்தார்.

சத்துணவுக் கூடத்து ஓடு, பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவு, இரண்டும் பேசினார்கள். பிறகு ஞானமுத்து அண்ணன் எழுந்தார். பூல்மணி மறுபடியும் முறைக்கு வரவில்லை, அவளுக்காக இரண்டு தடவை மற்றவர்கள் அரைப் பேர் இழந்தார்கள் என்றார். பூல்மணி வாசல் பக்கம் நின்றிருந்தாள். கையை ஆட்டி ஏதோ சொன்னாள், பாதி இந்தி. சூப்பர்வைசர், பேர் வெட்டு, வீடு போகும் என்பது மட்டும் புரிந்தது. அவர்கள் தற்காலிக ஆட்கள். ஒரு நாள் பிந்தினால் மறுநாள் வேலையே இருக்காது என்று சொல்கிறாள் என எனக்குப் புரிந்தது. எழுந்து சொல்லியிருக்கலாம். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நமக்கு மட்டும் சம்பளம் மரத்துலயா காய்க்குது? முறைக்கு ஆள் வராத வீட்டுப் பிள்ள வரிசையில வரக் கூடாது. அவ்வளவுதான்" என்றார் அண்ணன்.

பேச்சியக்கா, அது பச்சப்புள்ள என்றாள். அண்ணன், இன்றைக்கு ஒருவரை விட்டால் நாளைக்கு நாலு வீடு நின்றுவிடும், அப்புறம் முறையும் இருக்காது, பள்ளியும் இருக்காது என்றார். அதுவும் சரிதான் என்று பலர் தலையாட்டினார்கள். டீச்சர் வருகைப் பதிவேட்டில் பேர் அப்படியே இருக்கும், அது வேறு இது வேறு என்றார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பின் எழுது என்றாள்.

எழுதினேன். "தீர்மானம் 4. முறைக்கு வராத பெற்றோரின் பிள்ளையை வரிசையில் சேர்ப்பதில்லை. எண் 19 நீக்கப்படுகிறது." அம்மா கையெழுத்துப் போட்டாள். மற்றவர்கள் போட்டார்கள். பூல்மணியும் வரிசையில் வந்து நின்று கைநாட்டு வைத்தாள். வருகைக்கு என்று நினைத்திருப்பாள்.

ஜூலை 8, திங்கள்

மங்ரி பையோடு குழாயடிக்கு வந்தாள். வீட்டுக்குப் போ என்று விரட்டினார்கள். போனாள். பூல்மணி வேலைக்குப் போகும்போது அவளைப் பிள்ளைக் காப்பகத்தில் விட வேண்டும் என்று ஏற்பாடு.

ஜூலை 10, புதன்

மங்ரி காப்பகத்தில் இருப்பதில்லை. ஆயா அசந்தால் கிளம்பிவிடுகிறாள். இருபது அடி தள்ளி வரிசைக்குப் பின்னாலேயே வருகிறாள். பிரின்சி வந்து சொன்னாள். பாலத்தில் பதினெட்டு சொல்லி முடித்ததும் பின்னாலிருந்து "பத்தொன்பது" என்று குரல் வருமாம். எல்லோரும் சிரிப்பார்களாம். பேச்சியக்காவின் முறையன்று அக்கா கையைப் பிடித்து உள்ளே சேர்த்துக்கொண்டாளாம். டீச்சர் சாப்பாடும் போட்டு மாலையில் வரிசையோடு அனுப்பியிருக்கிறார்.

ஜூலை 11, வியாழன்

பேச்சியக்காவுக்கும் ஞானமுத்து அண்ணனுக்கும் குழாயடியில் சண்டை. "நீ சேத்துக்கிட்டா அப்புறம் எதுக்குத் தீர்மானம்? அடுப்பு பத்த வைக்கவா?" என்றார் அவர். அக்கா, உன் மீசையைப் பத்த வை என்றாள். சிரித்தார்கள். ஆனாலும் அக்கா அதற்குமேல் பேசவில்லை.

ஜூலை 15, திங்கள்

நாளை எங்கள் முறை. இந்த மாதம் அம்மாவுக்கு ஏற்கெனவே மூன்று அரைப் பேர். நீ போய்ட்டு வா அமலி, கடைசியில நடந்து எண்ணுறதுதானே என்றாள். பெரியவர்கள்தான் போக வேண்டும் என்பது விதி. நான் எழுதிய விதிதான். எனக்குப் பதினாறு வயது. அம்மா, நீ என்னைவிட உயரம் என்றாள்.

ஞானமுத்து அண்ணன்தான் முன்னால். மாலையில் வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்: "பின்னால அது வந்துச்சுன்னா சேத்துக்காத. தலைவி வீட்டுப் பொண்ணே தீர்மானத்த மீறுனா ஊரு சிரிக்கும்."

ஜூலை 16, செவ்வாய்

கடும் மூடுபனி. முன்னால் போகிறவர் தெரியவில்லை, தகரம் மட்டும் கேட்டது. மூன்று இடத்திலும் எண்ணினேன். பதினெட்டு. சரியாக இருந்தது.

ஜூலை 17, புதன்

நேற்று எழுதியது காலையில். இது நேற்று நடந்த மற்றது.

ஒரு மணிக்கு பூல்மணி சாப்பாட்டுக்கு வந்திருக்கிறாள். காப்பகத்தில் ஆயா, நீ விட்டுப் போனதுமே கிளம்பிவிட்டாளே என்றாள். பள்ளிக்கு ஓடினாள். டீச்சர், இங்கேயும் வரவில்லை என்றார். அதற்குள் கொழுந்துக் காட்டிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். யாரும் நிறுத்தச் சொல்லாமலேயே வேலை நின்றது. ஆண்கள் கத்தியும் கம்புமாகப் பாலத்துக்குப் போனார்கள். செருப்பு ஒன்று பாலத்துக்கு இந்தப் பக்கம் கிடந்தது. நீலச் செருப்பு, வார் பிய்ந்து கம்பியால் கட்டியது. பை தேயிலைச் செடிக்குள்.

மூன்று மணிக்கு வனத்துறை ஆட்கள் மேல்காட்டில் கண்டுபிடித்தார்கள். போர்வையில் சுற்றித் தூக்கிவந்தார்கள். பூல்மணியைப் பார்க்க விடவில்லை. அவள் கத்தவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்னிடம் வரும்போது நான் அம்மாவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

நான் பார்க்கவில்லை. மூடுபனி அப்படி இருந்தது. யாராலும் பார்த்திருக்க முடியாது.

ஜூலை 18, வியாழன்

பள்ளி விடுமுறை. சிறுத்தைக்குக் கூண்டு வைத்திருக்கிறார்கள், உள்ளே ஆடு. அது கத்துவது இங்கே வரை கேட்கிறது.

பிரின்சி சாப்பிடவில்லை. காய்ச்சல் என்று அம்மா நினைக்கிறாள். தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. கையைத் தட்டிவிட்டாள்.

ஜூலை 19, வெள்ளி

கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பள்ளி வராண்டாவில் நாற்காலி போட்டு ஒவ்வொருவராக விசாரித்தார். அன்று பின்னால் வந்தது யார் என்று கேட்டார். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நான்தான் சார். ஒண்ணும் பாக்கல, ஒண்ணும் கேக்கல" என்றாள்.

அன்று அம்மாவுக்கு மஸ்டரில் முழுப் பேர் போட்டிருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

ஞானமுத்து அண்ணன் அதிகாரியிடம் பேசும்போது தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டே இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை. முன்னாலிருந்த அவருக்குக் கேட்டிருக்காது.

ஜூலை 22, திங்கள்

டீச்சர் வீட்டுக்கு வந்தார். தீர்மான நோட்டைக் கொண்டுவந்திருந்தார். 5ஆம் தேதிப் பக்கத்தைத் தையலிலிருந்து பதமாகப் பிரித்து எடுத்தார். புது ஜோடித் தாளை அதே இடத்தில் செருகினார். அதிகாரி ஆகஸ்ட் 2ஆம் தேதிக் கூட்டத்துக்கு வரும்போது நோட்டைப் பார்ப்பாராம்.

என்ன எழுத வேண்டும் என்று அவரே சொன்னார். தீர்மானம் 4. எல்லாப் பிள்ளைகளும் முறையோடுதான் வர வேண்டும். எண் 19இன் பெற்றோர் பிள்ளையைக் குழாயடிக்குக் கொண்டுவந்து விடத் தவறுகிறார்கள், அவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

நான் பேனாவைத் திறக்கவில்லை. டீச்சர் கோபப்படுவார் என்று நினைத்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஸ்கூல மூடிருவாங்க அமலி. பதினெட்டுப் பிள்ளைங்க எங்க போகும்? பாதிப் பேரு உன்ன மாதிரி வீட்டுல உக்காந்துரும்."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். எழுதும்மா என்றாள்.

என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். இன்றும் அழகாகத்தான் வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டாள். மற்றவர்கள் ஒவ்வொரு வீடாகப் போட்டார்கள். பேச்சியக்கா கடைசியாகப் போட்டாள், எதையும் கேலி செய்யாமல். பழைய பக்கத்தில் பூல்மணி கைநாட்டு வைத்த இடம் மட்டும் புதியதில் காலியாக இருந்தது. அவள் வரவில்லை என்று இருக்கட்டும் என்றார் டீச்சர்.

பழைய பக்கத்தை அடுப்பில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். போட்டுவிட்டேன் என்று சொன்னேன். இந்த நோட்டில், தவளைப் படத்துக்கும் இதற்கும் நடுவில் இருக்கிறது.

ஜூலை 24, புதன்

பள்ளி மறுபடி திறந்தது. இனி இருவருக்குப் பதில் நான்கு பேர் போகிறார்கள். முறைக்குப் போய்ப் பிந்தினாலும் சூப்பர்வைசர் இனி முழுப் பேரே போடுவாராம். இதை முன்பே சொல்லியிருக்கலாம்.

பிரின்சி எண் சொல்ல மாட்டேன் என்கிறாளாம். பதினேழோடு நிற்கிறது. அவளுக்குப் பதில் பேச்சியக்கா சொன்னாளாம்.

ஜூலை 26, வெள்ளி

துணி துவைத்தேன். காயவில்லை. கூண்டில் எதுவும் விழவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். நான் போகவில்லை.

காலையில் பிரின்சி தலை சீவும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, ஒனக்குக் கேக்கலையா? எனக்குக் கேட்டுச்சே."

கேட்கவில்லை என்றேன். அவள் சீப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. ஆனாலும் சில இடத்தில் பொய் எழுதியிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனது ஈஸ்டர் வாரத்தில். நான் பள்ளிக்குப் போகாமல் நின்றது ஜனவரியில்.

டவுன் பள்ளியில் காலை வழிபாட்டில் உறுதிமொழி வாசிக்க என்னை நிறுத்தினார்கள், கையெழுத்து நன்றாக இருப்பதால் வாசிப்பும் நன்றாக வரும் என்று. மைக் முன்னால் நின்றேன். நானூறு பெண்கள். தாளைப் பார்க்கிறேன், எல்லா எழுத்தும் தெரிகிறது, குரல் வரவில்லை. முதலில் ஒரு மூலையில் சிரித்தார்கள். பிறகு எல்லா இடத்திலும். மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டதாம். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் மூச்சுவிட்டுக் காட்டுவார்கள். மூன்று நாள் போனேன். நான்காம் நாள் போகவில்லை. அம்மா அடித்தாள், கெஞ்சினாள். அம்மா படுத்தபோது, ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது.

இரண்டாவது பொய் 16ஆம் தேதி.

பாலத்தில் தகரம் நின்றது. ஒன்றிலிருந்து சொன்னார்கள். பிரின்சி பதினெட்டு என்றாள். அப்போது பின்னால் மூடுபனிக்குள்ளிருந்து குரல் வந்தது. பத்தொன்பது. பிரின்சி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் திரும்பவில்லை. அண்ணன் சொன்னது நினைவில் இருந்தது. அது மட்டும் இல்லை. வா என்று கூப்பிட வேண்டுமென்றால் கத்த வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள். முன்னாலிருந்து அண்ணன் யார் என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டும். நான் பிரின்சியின் முதுகைத் தள்ளி, நட என்றேன். அது மெதுவாகத்தான் வந்தது, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

தகரம் மறுபடி தொடங்கியது.

ஜூலை 31, புதன்

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் இல்லை. பூல்மணி குடமில்லாமல் வந்து நின்றாள். என்னைத் தேடித்தான் வந்திருக்கிறாள். சனிக்கிழமை ஊருக்குப் போகிறார்களாம். சூட்கேஸ், டிரெயின் என்று கையால் காட்டினாள். மங்ரி படுக்கும்போது பாயில் படுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து பத்தொன்பது வரை முழுக்கச் சொல்லுவாளாம். அப்பாவையும் சொல்ல வைப்பாளாம். அதைச் சொல்லும்போது பூல்மணி கொஞ்சம் சிரித்தாள்.

பிறகு கேட்டாள். "அன்னிக்கு பாப்பா நம்பர் சொல்லுச்சா?"

அவளிடம் நான்தான் பின்னால் வந்தேன் என்று யார் சொன்னார்கள், தெரியவில்லை. ஒருவேளை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாளோ என்னவோ. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சொல்லுச்சு" என்றேன்.

"எங்க?"

"பாலத்துல."

"நீ கேட்ட?"

"கேட்டேன்."

குடம் நிரம்பி வழிந்தது. அவள் குனிந்து குழாயை மூடினாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"எத்தன வாட்டி?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மற்றதையெல்லாம் எழுதியபோதும் இதை மட்டும் நான் எழுதவில்லை.

"ரெண்டு வாட்டி" என்றேன். "ரெண்டாவது வாட்டி சத்தமா சொல்லுச்சு."

எங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருக்கிறாள் மங்ரி.

பூல்மணி குழாய்த் திட்டில் உட்கார்ந்தாள். எழுந்தபோது என் கையைப் பிடித்தாள், அவள் கை முழுக்கக் கொழுந்துக் கறை. பள்ளி இருக்கும் பக்கம் காட்டி, "அங்க சொல்லு" என்றாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

சோறு குழைந்துவிட்டது. அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கூட்டம். அதிகாரி நாற்காலியில், மற்றவர்கள் தரையில். பூல்மணியும் அவள் கணவன் சுக்ராவும் வாசற்படியில். அவன் புதுச் சட்டை போட்டிருந்தான், நாளை டிரெயினுக்கு வைத்திருந்ததாக இருக்கும்.

டீச்சர் நோட்டை வாசித்தார். தீர்மானம் 4 வரும்போது வேகமாக வாசித்தார். அதிகாரி, ஆக இதில் பெற்றோரின் கவனக்குறைவு என்றுதான் நான் எழுத வேண்டியிருக்கும் என்றார், வருத்தமாகத்தான். அறிக்கைக்குக் கீழே தலைவி ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவை நீட்டினார். அம்மா எழுந்தாள்.

நானும் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்பது எழுந்த பிறகுதான் தெரிந்தது. பழைய பக்கம் ரவிக்கைக்குள் இருந்தது.

"அது நான் மாத்தி எழுதுனது" என்றேன்.

கேக்கல, சத்தமா சொல்லும்மா என்றார் அதிகாரி. மறுபடி சொன்னேன். பாதியில் நின்றது. என் மூச்சு எனக்கே கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. வாசற்படியில் பூல்மணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிள்ளை பேசத் தொடங்குவதைப் பார்ப்பது போல. மூன்றாவது தடவை எல்லோருக்கும் கேட்டது. அன்று பின்னால் வந்தது அம்மா இல்லை, நான். பத்தொன்பது என்று இரண்டு தடவை சொன்னாள். எனக்குக் கேட்டது. நான் திரும்பவில்லை.

பழைய பக்கத்தை மேசையில் வைத்தேன். அதில் பூல்மணியின் கைநாட்டு இருந்தது. அதிகாரி அதையே வெகுநேரம் பார்த்தார். டீச்சர் தலை குனிந்துகொண்டார்.

பிறகு பேச்சியக்கா உட்கார்ந்தபடியே சொன்னாள். "ஒரு நாள் கூட்டிட்டுப் போனேன். மறுநாள் சண்டைக்குப் பயந்து ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். பின்னாலதான் போச்சு." இன்னொரு அம்மாவும் தன் முறையில் கேட்டதாகச் சொன்னாள். இன்னொருவர். ஞானமுத்து அண்ணன், தீர்மானம் என் வாயில வந்தது என்றார். சுக்ராவுக்கு ஒன்றும் புரியவில்லை. பூல்மணி அவன் காதில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான்.

அம்மா இன்னும் பேனாவோடு நின்றிருந்தாள்.

"நான் அன்னிக்கு மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தேன் சார்" என்றாள். "எம்பிள்ளைக்கு வாய் வராதுன்னு தெரிஞ்சுதான் அனுப்புனேன்."

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பள்ளி என்ன ஆகும் என்று டீச்சர் கேட்டதற்கு, நான் மட்டும் முடிவு செய்வதில்லை என்றார்.

அம்மா என்னை உட்காரச் சொல்லி நோட்டைக் கொடுத்தாள். புதுத் தீர்மானம், அவளே சொன்னாள்: "யார் வீட்டுப் பிள்ளையானாலும் வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்." எழுதினேன். யாருக்காக என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.

ஆகஸ்ட் 3, சனி

முதல் பஸ்ஸில் போய்விட்டார்கள். மங்ரியின் பையைப் பூல்மணி மடியில் வைத்திருந்ததைப் பேச்சியக்கா பார்த்திருக்கிறாள். நான் போகவில்லை. பிரின்சி போனாள்.

நேற்றுக் கூட்டத்திலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. கோபமா என்று தெரியவில்லை. இன்று என் தட்டில் மீன் துண்டைப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

எங்கள் முறை. என்னை எழுப்பவில்லை. அம்மாவே தகரத்தை எடுத்துக்கொண்டு போனாள். மூடுபனி இன்றும் இருந்தது. பிரின்சி என்னிடம் வந்து தலை சீவிக்கொண்டு போனாள், பேசாமல்.

வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு கேட்டேன். குழாயடியில் தகரம் நின்றது, தொடங்கியது. தேயிலைக்கு நடுவில் தூரமாகிக்கொண்டே போனது. பாலத்தில் நின்றது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பிரின்சி இன்றைக்காவது சொல்வாளா என்று தெரியாது, சொன்னதாக வைத்துக்கொண்டேன். பதினெட்டு.

தகரம் தொடங்கவில்லை.

பாத்திரத்தைக் கீழே வைத்தேன். ஒரு எண்ணைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ, ஒரு சின்னப் பிள்ளை சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் அம்மா அங்கே நின்றாள். இரண்டாம் முறை சொல்லும் நேரமும் நின்றாள்.

அதற்குப் பிறகுதான் தகரம் கேட்டது.